சீனக்குடா கேற்றுக்கு முன்னால் உள்ள சல்லடைகள்

கடற்படையின் கடல்சார் கல்விக்கழகம் நம் திருகோணமலை டொக்யார்ட்டுக்குள்ளே இருக்கிறது. விமானப்படையின் கல்விக்கழகம் சீனக்குடாவில். ஓட்டோ பிடித்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அரை மணித்தியாலம் ஆகாது. நாட்டின் மூன்று படைகளில் இரண்டுக்கு அதிகாரிகளை உருவாக்குகிற ஊர் இது. அப்படியிருந்தும் ஏஎல் ரிசல்ட் வந்த கிழமையில் ரியூசன் வாசல்களில் காதில் விழுவது மூன்றே கேள்விகள்தான்: எத்தனை ஏ வேணும்? எந்த எம்.பி.யைப் பிடிக்க வேணும்? சிங்களம் தெரியாட்டி எடுக்க மாட்டாங்களாமே?

மூன்றுமே தவறான இடத்தில் தொடங்குகிற கேள்விகள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படையில் சேரலாமா கூடாதா என்பது இந்தப் பதிவின் விஷயமல்ல. நம் வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஒவ்வொரு வீடும் தன் பதிலைத் தானே தேடிக்கொள்ளட்டும். அதிகாரியாகப் போகிறேன் என்று நிற்கிற பிள்ளை, தேர்வில் எந்த இடத்தில் தன்னைக் கழிப்பார்கள் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அதற்குத்தான் இது.

பல்கலைக்கழக அனுமதிக்கும் இதற்கும் அடிப்படையே வேறு. அங்கே பெரும்பாலும் இஸட் புள்ளி (ஏஎல் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற தரப்படுத்தல் புள்ளி) ஒன்றுதான். வரிசையில் நிறுத்தி மேலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள். இங்கே சல்லடை மேல் சல்லடை. ஒன்றில் நல்லாய்ச் செய்தது அடுத்ததில் விட்டதை ஈடுகட்டாது. மூன்று ஏ எடுத்த பிள்ளைக்குச் சிவப்பும் பச்சையும் குழம்புமானால், அந்த மூன்று ஏயும் அங்கே செல்லாக்காசு. நாம் ஆயத்தப்படுத்துகிற ஒழுங்கோ தலைகீழ். முதலில் ரியூசன், பிறகு ஓட்டப் பயிற்சி, கடைசியில் மெடிக்கல். மாற்ற முடியாததை முதலில் பார்க்க வேண்டும். கண்ணையும் உயரத்தையும் பத்தாம் வகுப்பிலேயே பார்த்துவிடலாம். அதற்கு ஒரு பின்னேரம் போதும்.

எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அதிகாரியாகப் போகிறவர் கடேற். மாலுமியாக, சிப்பாயாக, விமானப்படை வீரராகப் போவது வேறு ஆட்சேர்ப்பு. தகைமை வேறு, பயிற்சி வேறு. ஒரே நாளில் இரண்டு அறிவித்தலும் வந்தால் எது எது என்று பார்க்காமல் விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடேற்றிலும் இரண்டு வழி. ஒன்று, நேராகப் படைக்குப் போவது. தரைப்படைக்குத் தியத்தலாவையில் உள்ள இராணுவக் கல்விக்கழகம், கடற்படைக்குத் திருகோணமலை, விமானப்படைக்குச் சீனக்குடா. மற்றது இரத்மலானையில் உள்ள ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் வழியாகப் போவது. 1981இல் ஒரு சட்டத்தின் மூலம் பாதுகாப்புக் கல்விக்கழகமாகத் தொடங்கிய இடம் அது. இப்போதைய பெயர் 2007இல் வந்தது. அங்கே கடேற்றாகப் போகிறவர் பட்டப்படிப்பையும் படைப்பயிற்சியையும் சேர்த்துச் செய்து, பிறகு தன் படையின் கல்விக்கழகத்துக்குப் போவார்.

அந்தப் பல்கலைக்கழகத்திலே காசு கட்டிப் படிக்கிற வெளி மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கடேற் அல்ல. கடேற் காசு கட்டுவதில்லை. அவருக்குத்தான் கொடுப்பனவு வரும். 'கேடியூவில்' (அந்தப் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர்) 'இடம் எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது தரகர் வந்தால், எந்த இடத்தைச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். கடேற் இடமென்றால் அதில் விற்க ஒன்றுமில்லை. பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

இனிக் கண்.

கடலில் போகிற கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. இருட்டில் எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அந்த இரண்டு நிறத்தையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். நம் உள்துறைமுகத்துக்குள் நுழையும்போதும் இடக்கைப் பக்க மிதவை சிவப்பு, வலக்கைப் பக்கம் பச்சை. ஆகவே கப்பல் செலுத்தும் நிறைவேற்றுக் கிளைக்கு வருகிறவருக்கு நிறப்பார்வையில் விட்டுக்கொடுப்பு கிடையாது. விமானிக்கும் அதே கதை.

இதைச் சோதிப்பது பெரும்பாலும் இஷிஹாரா புத்தகத்தால். நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளித்து வைத்த தட்டுகள். 75 செ.மீ. தூரத்தில், பகல் வெளிச்சத்தில், தட்டு ஒன்றுக்கு 3 விநாடி. முதல் தட்டு 12. அது நிறக்குறைபாடு உள்ள கண்ணுக்கும் தெரியும். சோதனை என்னவென்று ஆளுக்கு விளங்குகிறதா என்று பார்ப்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு தட்டு வரும். சாதாரணக் கண் அதில் 74 என்று வாசிக்கும். சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ள கண் 21 என்று வாசிக்கும். வாசிக்கிற பிள்ளைக்குத் தான் பிழையாக வாசிக்கிறேன் என்றே தெரியாது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு அங்கே இருப்பது 21தான். பத்தொன்பது வயதுவரை இந்த விஷயம் தெரியாமலே ஆள் வளர்ந்திருக்கலாம். சிக்னல் விளக்கில் மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை என்று இடத்தை வைத்தே ஒப்பேற்றியிருப்பார்.

இந்தக் குறைபாடு தாய்வழியாக வருவது. அம்மாவின் தகப்பனுக்கு இருந்திருந்தால் பையனைக் கட்டாயம் காட்டுங்கள். கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு 'எனக்கு எல்லாம் தெரியுது' என்று இருந்துவிடாதீர்கள். திரையின் நிறம் அச்சின் நிறமல்ல. தட்டுகளைப் பாடமாக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. தட்டின் ஒழுங்கை மாற்றிக் காட்டினால் அந்தப் பாடம் அங்கேயே அறுந்துபோகும்.

பார்வைக் கூர்மை வேறு. 6/6 என்றால், சாதாரணக் கண் 6 மீற்றரில் வாசிக்கும் எழுத்தை உங்கள் கண்ணும் 6 மீற்றரில் வாசிக்கிறது. 6/12 என்றால், சாதாரணக் கண் 12 மீற்றரில் வாசிப்பதை நீங்கள் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கிறீர்கள். நிறைவேற்றுக் கிளைக்கும் விமானிக்கும் கண்ணாடி இல்லாமல் 6/6 கேட்பது வழக்கம். வேறு கிளைகளில் கண்ணாடிக்கு ஓரளவு இடம் விடுகிற அறிவித்தல்களும் வருகின்றன. நம் பிள்ளைகள் வழுக்குவது கால இடைவெளியில். ஓஎல் காலத்தில் 6/6 என்று ஒரு துண்டு இருக்கும். பிறகு ஏஎல்லுக்கு இரண்டு மூன்று வருடம் குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்தது போல் கண்ணைப் போட்டுத் தேய்த்திருப்பார்கள். பழைய துண்டை யாரும் பார்க்கப்போவதில்லை. அனுப்புவதற்கு முதல் மாதம் திரும்பவும் பாருங்கள். கண்ணுக்குள் வில்லை போட்டுக்கொண்டு போய்ச் சமாளிக்கலாம் என்பதும் நடக்காது, கழற்றச் சொல்வார்கள். லேசர் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று யோசிப்பவர்கள், செய்வதற்கு முன்னர் அந்தப் படையின் ஆட்சேர்ப்புப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பல நாட்டுப் படைகள் அந்தச் சிகிச்சையையே தனியாக எடைபோடுகின்றன. லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு கேட்கிற கேள்வியல்ல இது.

உயரம் அறிவித்தலில் அடி அங்குலத்தில் வரும். 5 அடி 6 அங்குலம் என்றால் 167.6 செ.மீ. வெறுங்காலோடு அளப்பார்கள். காலையில் எழும்பின உடனே அளந்தால் பின்னேரத்தைவிட ஒரு செ.மீ. அளவுக்குக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் முள்ளந்தண்டு நாள் முழுக்க நின்று நடந்து அமுங்குகிறது. எல்லையில் நிற்கிற பிள்ளையை வீட்டில் பின்னேரம் அளந்து பாருங்கள். அப்போதும் காணுமென்றால் பயமில்லை. படைக்குப் படை, ஆணுக்குப் பெண்ணுக்கு, கிளைக்குக் கிளை இந்த எண் மாறும். போன வருடத்து அறிவித்தலை வைத்துக்கொண்டு இந்த வருடம் போகக் கூடாது.

நிறை பி.எம்.ஐ. கணக்கில் பார்க்கப்படும். கிலோவை, மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. 167.6 செ.மீ. ஆளுக்குச் சுட்டெண் 18 வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 51 கிலோ. 25 என்றால் 70 கிலோ. ஏஎல் முடித்த நம் பையன்களில் மெலிந்தவர்கள் கீழ் எல்லையில் அடிபடுகிறார்கள். இரண்டு கிழமையில் வாழைப்பழம் தின்று நிறை ஏற்றுவது அங்கே எடுபடாது. மூன்று மாதம் வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய இன்னும் இரண்டு. ஈரக் காலைச் சீமெந்துத் தரையில் பதியுங்கள். உள்பக்கம் வளைவே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம். கணுக்கால்களைச் சேர்த்து நிற்கப் பார்க்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டி, கணுக்கால் சேராமல் போனால் அதையும் குறித்துவைப்பார்கள். காதில் சீழ் வடிகிற பழைய வருத்தம், குடலிறக்கம், காலில் புடைத்த நரம்பு, சொத்தைப் பல் எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்தியரிடம் காட்டுங்கள். கடலில் குளித்து வளர்ந்த ஊரில் செவிப்பறை ஓட்டை அபூர்வமல்ல. பல்லும் குடலிறக்கமும் நேரகாலத்தோடு சரிசெய்யக்கூடியவை. மெடிக்கல் நாளில் வைத்தியர் கண்டுபிடித்தால் 'தகுதியில்லை' என்று எழுதுவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

கடதாசி விஷயத்தில்தான் தமிழ் விண்ணப்பதாரர் தனியாக அடிவாங்குகிறார். நம் பெயர் முறை அப்படி. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும், தகப்பன் பெயர் முன்னால் வரும். அடையாள அட்டையில் அது ஒரு மாதிரி, ஓஎல் சான்றிதழில் ஆங்கிலத்தில் வேறு மாதிரி. சந்திரன் என்ற பெயரில் ஓரிடத்தில் எச் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. வாசிக்கிற நமக்கு அது ஒரே ஆள். கோப்பைச் சரிபார்க்கிற எழுதுவினைஞருக்கு இரண்டு ஆட்கள். அறிவித்தல் வந்த பிறகு திருத்தப் போனால் முடிவுத் திகதி முந்திவிடும். ஏஎல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதங்களில் இதை முடித்துவிடலாம். பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள், எழுத்து வித்தியாசத்துக்குச் சத்தியக்கடதாசி முடியுங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூதூர், கிண்ணியா பக்கங்களில் வீடு மாறி வாழ்கிற குடும்பங்களுக்கு அடையாள அட்டை முகவரியும் வாக்காளர் இடாப்பு முகவரியும் பொருந்தாமல் இருப்பது சாதாரணம். இருக்கிற இடத்தைக் காட்டும் கடதாசி ஒன்றாவது கையில் வேண்டும், ஏனென்றால் பின்னணி விசாரணைக்கு ஆள் வருவது அந்த முகவரிக்குத்தான்.

படிப்புத் தகைமையில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டிய சொல் 'ஒரே தடவையில்'. ஓஎல்லில் இத்தனை பாடம் ஒரே தடவையில், அதில் இன்னின்ன பாடத்தில் திறமைச் சித்தி என்று போட்டிருப்பார்கள். திறமைச் சித்தி என்பது சி. எஸ் என்பது சாதாரண சித்தி. நம் மாவட்டத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் எஸ்ஸோடு நிற்கிற பிள்ளைகள் நிறைய. ஏஎல் கணிதப் பிரிவில் எவ்வளவு நல்லாய்ச் செய்தாலும் அந்த எஸ் கதவைச் சாத்திவிடும். ஆங்கிலத்தை மட்டும் திரும்ப எழுதி சி எடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா என்பது அந்த அறிவித்தலின் வார்த்தையில் இருக்கிறது. ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் விளங்கிவிடும். இன்னொன்று: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கொடுக்கிற ஒதுக்கீட்டை நம்பி வளர்ந்தவர்கள் நாம். கடேற் தேர்வு அந்த ஆணைக்குழுவின் கையில் இல்லை. திருகோணமலை வெட்டுப்புள்ளி என்று ஒன்று அங்கே கிடையாது. கொழும்புப் பிள்ளையோடு ஒரே மேசையில்தான் உட்கார வேண்டும்.

மொழிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பாடமும் நூலும் ஆங்கிலம். விடுதியிலும் மைதானத்திலும் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் சிங்களம். நேர்முகத்தில் ஆங்கிலத்தில் நாலு வசனம் தட்டுத்தடுமாறியாவது சொல்லி முடிக்கிறவர் தப்பிக்கொள்வார். சிங்களம் கொஞ்சமும் தெரியாமல் போனால் முதல் மாதங்கள் மிகக் கஷ்டமாயிருக்கும். இலக்கணம் பிழையென்று வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நம் பிள்ளைகளின் பெரிய குறை. குழு விவாதத்தில் பேசாதவருக்குப் புள்ளி போட மதிப்பிடுகிறவரிடம் எதுவும் இல்லை.

உடற்தகுதிச் சோதனையில் என்னென்ன வரும், எத்தனை என்பது அழைப்புக் கடிதத்தில் இருக்கும். ஓட்டத்துக்கு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 400 மீற்றர் தடத்தில் 1.6 கி.மீ. 4 சுற்று, 2.4 கி.மீ. 6 சுற்று. 2.4 கி.மீ. தூரத்தை 12 நிமிடத்தில் முடிக்கச் சுற்றுக்கு 2 நிமிடம். 10 நிமிடத்தில் முடிக்கச் சுற்றுக்கு 100 விநாடி. மக்கெய்சர் மைதானத்தில் பின்னேரம் பார்த்தால் தெரியும், முதல் சுற்றை 80 விநாடியில் ஓடிவிட்டு நாலாவதில் நடக்கிற பையன்களை. முதல் இரண்டு சுற்றையும் கடிகாரம் பார்த்து இழுத்துப் பிடிப்பவர்தான் கடைசிச் சுற்றில் முந்துகிறார். டச்பே மணலில் ஓடுவது கணுக்காலுக்கு நல்லது, ஆனால் அங்கே எடுக்கிற நேரத்தை வைத்து எதையும் கணிக்க முடியாது. காலை ஐந்தரைக்கு மட்டும் பழகுவதும் பிசகு. சோதனை பத்து மணி வெயிலில் வரலாம். கிழமைக்கு ஒரு நாளாவது அந்த நேரத்தில் ஓடுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு.

தண்டால் எடுக்கும்போது நெஞ்சு கீழே போய் முழங்கை முழுக்க நிமிர்ந்தால்தான் ஒன்று. பாதியில் திரும்பியதை எண்ணுகிறவர் எண்ண மாட்டார், 'ஒன்று, ஒன்று, ஒன்று' என்று அதே எண்ணிலேயே நிற்பார். வீட்டில் ஐம்பது எடுத்தேன் என்கிறவர் அங்கே இருபதில் நிற்பதற்குக் காரணம் இதுதான். சிநேகிதன் ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தி, ஈவிரக்கமில்லாமல் எண்ணச் சொல்லுங்கள்.

அடுத்தது அதிகாரித் தகைமையைப் பார்க்கிற சோதனை. ரியூசன் கிடைக்காத சல்லடை இது. 1942இல் பிரித்தானியத் தரைப்படை அதிகாரித் தெரிவுச் சபைகளை ஏற்படுத்தியது. குடும்பப் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்து எடுத்த பழைய முறை போருக்குப் போதாமல் போனது அதற்கு ஒரு காரணம். குழுவைக் களத்தில் விட்டு வேடிக்கை பார்க்கிற இந்த வழக்கம் அங்கிருந்துதான் பல நாடுகளுக்குப் பரவியது. அந்த வழியில் வந்த படைகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இது இருக்கும்.

ஒரு மாதிரிப் பணியைக் கிட்ட நின்று பார்ப்போம். இரண்டு மேடை, இடையில் 9 அடி. நிலத்தில் கால் படக் கூடாது. குழுவிடம் 8 அடிப் பலகை ஒன்று, 6 அடிக் கட்டை ஒன்று, ஒரு கயிறு. எல்லோரும் ஒரு பீப்பாயோடு அக்கரை சேர வேண்டும். பலகை 9 அடிக்கு எட்டாது. முதல் நிமிடத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். தீர்வு இப்படி: பலகையை 4 அடி வெளியே நீட்டி, உள்ளே இருக்கிற 4 அடியின் வால் பக்கத்தில் பாரமான இருவரை நிறுத்துவது. இலகுவான ஒருவர் நுனிவரை நடந்து, மிஞ்சிய 5 அடிக்குக் கட்டையை அக்கரையில் சாத்துவது. இரண்டு பக்கமும் அரையரை அடி பிடிக்கும். அவர் கடந்துவிடுவார், பீப்பாய் கடந்துவிடும், இன்னும் இருவர் கடந்துவிடுவார்கள். குழு கைதட்டத் தொடங்கும். அப்போதுதான் பிரச்சினை. வாலில் நிற்கிற இருவரும் எப்படி வருவது? அவர்கள் இறங்கினால் பலகை கவிழும். இதை முதலிலேயே யோசித்தவர், முதலில் கடந்த ஆளின் கையில் கயிற்றின் நுனியைக் கொடுத்து அனுப்பியிருப்பார். பலகை நுனியில் கட்டிய கயிற்றை அக்கரையில் நிற்பவர்கள் மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் வாலில் பாரம் தேவையில்லை.

கயிற்றைப் பற்றிச் சொன்னவர் யார், அதைக் கேட்டுத் தன் யோசனையைக் கைவிட்டவர் யார், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று 'சரி, இவன் சொல்றபடி செய்வம்' என்று முடித்தவர் யார் என்பதைத்தான் கையில் அட்டையோடு நிற்கிற அதிகாரி எழுதுகிறார். பணி முடியாமல் போன குழுவிலிருந்தும் ஆள் எடுபடுவது இதனால்தான். கத்தி வேலை வாங்கினால் தலைவர் என்று நினைத்துப் போகிற பையன் இங்கே கெட்டுப்போகிறான்.

யூடியூப்பில் தமிழில் கிடைக்கிற பயிற்சிக் காணொளிகள் அநேகமாக இந்தியாவின் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத் தேர்வுக்கானவை. அது வேறு நாட்டுத் தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 900, ஐந்து நாள் தெரிவுச் சபைக்கு 900 என்று சமபங்கு வைத்திருக்கிறார்கள். உளவியல் பகுதியில் 60 சொற்கள் வரும், சொல்லுக்கு 15 விநாடி, அதற்குள் மனதில் வந்த வசனத்தை எழுத வேண்டும். அதைப் பார்த்துப் பயிற்சி எடுப்பதில் பிழையில்லை, வேகமாக யோசிக்கப் பழகும். ஆனால் காணொளியில் சொன்ன 'நல்ல வசனங்களை' மனனம் செய்துகொண்டு போனால், குழுவில் நாலு பேர் அதே வசனத்தை எழுதியிருப்பார்கள்.

எம்.பி. கடிதத்துக்கு வருவோம். உலகத்தில் எம்.பி.யின் கடிதம் சட்டப்படி தேவைப்படுகிற இடமும் உண்டு, அது அமெரிக்கா. வெஸ்ட் பொயின்ற், அனாபொலிஸ் போன்ற கல்விக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறவர் பெரும்பாலும் தன் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினரிடமோ செனற்றரிடமோ நியமனம் வாங்க வேண்டும். ஓர் உறுப்பினரின் கணக்கில் ஒரு கல்விக்கழகத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் இருக்கலாம். நியமனத்துக்கே தனி நேர்முகம், தனிக் கட்டுரை. கரையோரக் காவல்படைக் கல்விக்கழகத்துக்கு மட்டும் நியமனம் வேண்டாம். இங்கே அப்படி ஒரு படி இல்லை. சிபாரிசு தேடுவது நம் அரச ஆட்சேர்ப்பு அறிவித்தல்களில் தகுதியிழப்புக்குக் காரணமாகவே அச்சாகி வருகிற விஷயம். கடிதம் தேடி அலைகிற கிழமையை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

நேர்முகத்தில் திருகோணமலைப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது, அதுவே பொறியும்கூட. 'எந்த ஊர்?' என்று கேட்டுவிட்டு, அந்த ஊரையே கிளறுவார்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கியது, அதே நாள் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது, 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்தது, சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள், அவற்றைப் பற்றி 2022 ஜனவரியில் ஆன ஒப்பந்தம் எல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். தாங்கிகளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை தாங்கி என்று தெரியாமல் விழித்தால், கேட்டவர் குறித்துக்கொள்வார். பதவி வரிசை, படைகள் தொடங்கிய ஆண்டு (தரைப்படை 1949, கடற்படை 1950, விமானப்படை 1951) போன்றவற்றை ஒரு பின்னேரத்தில் பாடமாக்கலாம். 'ஏன் வருகிறாய்?' என்பதற்குப் பாடமாக்கிய தேசபக்தி வசனம் வேண்டாம். கடல், இயந்திரம், சம்பளம், குடும்பம், எதுவானாலும் உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்விக்கும் பதில் இருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு: விமானப்படையின் முதல் பெண் விமானிகள் 2020இல் வெளியேறியது இதே சீனக்குடாவிலிருந்துதான். எந்தக் கிளை பெண்களுக்குத் திறந்திருக்கிறது என்பது அந்தந்த அறிவித்தலில் இருக்கும்.

எல்லாம் தாண்டி வந்தால் ஒப்பந்தம் நீட்டுவார்கள். எத்தனை வருடம் சேவை செய்ய வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், பிணையாளிகள் யார், அவர்களுக்கு என்ன தகைமை வேண்டும் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். மகிழ்ச்சியில் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற தகப்பன்மார் உண்டு. அழைப்பு வந்த அன்றே பிணைக்கு நிற்கக்கூடிய இரண்டு மூன்று பேரிடம் பேசிவைப்பது நல்லது. சித்தப்பா அரச வேலையில் இருக்கிறார் என்பதற்காக அவர் சம்மதிப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எடுபடாமல் வந்தவர், எந்தச் சல்லடையில் விழுந்தார் என்று அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். நிறப்பார்வையென்றால் கிளையை மாற்றிப் போடலாம். நிறை, ஓட்டம், ஆங்கிலம் என்றால் வயதெல்லைக்குள் அடுத்த முறை இருக்கிறது. கோப்பில் உள்ள கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் பாடசாலை நற்சான்றிதழும் அதற்குள் பழசாகிவிடும். அவற்றைப் புதிதாக எடுக்க வேண்டும்.